கொடுத்த கடன் திரும்பும் நாள்

(ஒடுகத்தூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடன்பத்திரம். வட்டி வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்கள் இன்றைய சந்தையை எப்படிப் புரிந்துகொள்வது, பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது என்பதே என் பேச்சு. ஒடுகத்தூரில் நின்றுகொண்டு கடன்பத்திரத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். ஓய்வூதியப் பணம் வரும் ஊர் இது. நிலம் விற்ற பணம், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம், குழுவில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், எல்லாம் இருக்கும் ஊர் இது. அந்தப் பணத்தை என்ன செய்கிறோம்? வட்டிக்கு விடுகிறோம். வங்கியில் போட்டால் வங்கிக்குக் கடன் கொடுக்கிறோம். அஞ்சலகத்தில் போட்டால் அரசுக்குக் கடன் கொடுக்கிறோம். தெரிந்தவருக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி என்று கொடுத்தால் அதுவும் கடன்தான். நம்மில் பலர் கடன் வாங்குவதைப் பற்றி ஆயிரம் முறை யோசிக்கிறோம். கடன் கொடுப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை. வட்டி எவ்வளவு என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நான் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். யாருக்குக் கொடுக்கிறோம்? எத்தனை காலத்துக்குக் கொடுக்கிறோம்? நமக்கு அந்தப் பணம் எந்த நாளில் வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். அதற்கு முன் கேட்காதீர்கள்.

முதலில், பத்திரம் எப்படி வேலை செய்கிறது?

உங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. விடிவதற்கு முன்பே வெள்ளாடும் செம்மறியும் வந்து நிற்கின்றன. வியாபாரிகள் வருகிறார்கள், தரகர்கள் வருகிறார்கள், விலை படிகிறது. அதே வெள்ளிக்கிழமையில் மும்பையில் இன்னொரு சந்தை நடக்கிறது. இந்திய அரசின் கடன்பத்திரங்களை ரிசர்வ் வங்கி ஏலம் விடும் நாளும் பொதுவாக வெள்ளிக்கிழமைதான். மாநில அரசுகளின் பத்திரங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. 91 நாள், 182 நாள், 364 நாள் என்று குறுகிய காலத்துக்கு வரும் கருவூல உண்டியல்களுக்குப் புதன்கிழமை.

ஓர் ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இத்தனை குட்டி போடும் என்று தெரிந்த பெட்டை ஆடு. அது போடும் குட்டியின் எண்ணிக்கை மாறாது. ஆனால் சந்தையில் அதன் விலை வாரத்துக்கு வாரம் மாறும். பக்ரீத் நெருங்கினால் ஒரு விலை, தீவனம் கிடைக்காத கோடையில் ஒரு விலை. இதைவிட அதிகக் குட்டி போடும் ஆடுகள் நிறைய வந்து இறங்கிவிட்டால், நம் ஆட்டைக் குறைத்துத்தான் கேட்பார்கள். நம் ஆடு எந்தக் குற்றமும் செய்யவில்லை. பக்கத்தில் நிற்கும் ஆடு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

கடன்பத்திரமும் அப்படித்தான். வட்டி நிலையானது, விலை நிலையற்றது. புதிய பத்திரங்களின் வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். புதிய பத்திரங்களின் வட்டி இறங்கினால் பழைய பத்திரத்தின் விலை ஏறும்.

ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 2021 ஜூலையில் இந்திய அரசு 6.10 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. 2031 ஜூலை 12 அன்று அது முதிர்கிறது. பத்தாயிரம் ரூபாய் போட்டவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 305 ரூபாய். ஜனவரியில் ஒரு 305, ஜூலையில் ஒரு 305. இதில் ஒரு ரூபாய் கூடாது, ஒரு ரூபாய் குறையாது. முதிர்வு நாளில் பத்தாயிரம் கைக்கு வரும்.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது? விலைவாசி ஏறியது. ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 2022 ஜூனில் பத்தாண்டுப் பத்திரத்தின் சந்தை வட்டி ஏழரை விழுக்காட்டைத் தாண்டியது. ஏழரை கிடைக்கும் இடத்தில் 6.10 கொடுக்கும் பத்திரத்தை நூறு ரூபாய்க்கு யார் வாங்குவார்கள்? கணக்குப் போட்டால் நூறு ரூபாய்ப் பத்திரம் 91 ரூபாய்க்கு இறங்குகிறது. அன்றைக்குப் பணம் தேவைப்பட்டு விற்றவருக்கு நூற்றுக்கு ஒன்பது ரூபாய் நட்டம். விற்காமல் வைத்திருந்தவருக்கு? அதே 305 ரூபாய் வந்தது. இன்றும் வருகிறது. 2031 வரை வரும்.

இருவரும் வாங்கியது ஒரே பத்திரம். அதை வெளியிட்டது ஒரே அரசு. ஒருவருக்கு நட்டம், ஒருவருக்கு நட்டமில்லை. ஏன்? ஒருவர் பணம் தேவைப்படும் நாளைப் பார்த்து வாங்கினார். மற்றவர் பார்க்கவில்லை. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். நிலையான வருமானத்தின் பாதுகாப்பு, உங்கள் தேவையின் நாளும் பத்திரத்தின் நாளும் பொருந்துவதில் இருக்கிறது.

காலம் நீள நீள விலையின் ஆட்டமும் கூடும். ஏழு விழுக்காடு வட்டி தரும் நூறு ரூபாய்ப் பத்திரங்கள் சில இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் சந்தை வட்டி எட்டாகிவிட்டால் ஓராண்டுப் பத்திரம் 99 ரூபாய்க்கு இறங்கும். மூன்றாண்டுப் பத்திரம் ஏறத்தாழ 97. பத்தாண்டுப் பத்திரம் 93. முப்பதாண்டுப் பத்திரமோ 89 ரூபாய்க்கும் கீழே போகும். நான்குக்கும் ஒரே அரசுதான் பொறுப்பு. அசலும் வட்டியும் உறுதி. ஆனால் நடுவழியில் இறங்க நினைப்பவருக்கு ஒவ்வொன்றும் வேறு விதமான ஆபத்து.

இதைப் பெரிய வங்கிகளே மறந்தது உண்டு. அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி என்று ஒரு வங்கி. வாடிக்கையாளர் எந்த நிமிடமும் திரும்பக் கேட்கக்கூடிய பணத்தை நீண்ட காலப் பத்திரங்களில் போட்டு வைத்தது. பெரும்பாலும் அமெரிக்க அரசின் உறுதியுள்ள பத்திரங்கள்தான். வட்டி ஏறியது, பத்திரங்களின் விலை இறங்கியது. வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பணம் கேட்டார்கள். 2023 மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. கடன் வாங்கியவர் ஏமாற்றவில்லை. நாள் பொருந்தவில்லை. அந்த ஒரு பிழை போதும், ஒரு வங்கியைச் சாய்க்க.

இனி, இன்றைய சந்தை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

கொரோனாக் காலத்தில், 2020 மே மாதத்தில், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, அதாவது ரெப்போ வட்டி, 4 விழுக்காடாக இறங்கியது. இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தது. பிறகு 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.50 ஆனது. இரண்டு ஆண்டுகள் அசையவில்லை. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கியது. பிப்ரவரியில் கால், ஏப்ரலில் கால், ஜூனில் ஒரேயடியாக அரை, டிசம்பரில் மீண்டும் கால். அத்தோடு 5.25 விழுக்காடானது.

இதன் தாக்கம் உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது? பழைய எஃப்.டி. முதிர்ந்து, அதைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏழு விழுக்காட்டை ஒட்டி வாங்கியவருக்குப் பல பெரிய வங்கிகளில் ஆறரையும் கிடைப்பதில்லை. பத்து லட்சம் வைத்திருப்பவருக்கு வட்டி அரை விழுக்காடு குறைந்தால் ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய் குறைகிறது. ஒரு வயதான தம்பதிக்கு ஐயாயிரம் ரூபாய் என்பது மாத்திரை மருந்துச் செலவு.

ஆனால் ஒரு வியப்பான செய்தியைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தால் பழைய பத்திரங்களின் விலை ஏறவேண்டும் அல்லவா? 2025 ஜூனில் அரை விழுக்காடு குறைத்தபோது பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. குறுகிய கால வட்டி இறங்கியது. நீண்ட கால வட்டியோ ஏறியது. ஜூன் தொடக்கத்தில் 6.2 அளவில் இருந்த பத்தாண்டு வட்டி, ஆகஸ்ட் முடிவில் 6.6 அளவுக்கு வந்தது. முப்பதாண்டுப் பத்திரங்களின் வட்டி ஏழு விழுக்காட்டைத் தாண்டியது. இனிக் குறைக்க அதிக இடமில்லை என்று ரிசர்வ் வங்கி குறிப்புக் காட்டியது ஒரு காரணம். மத்திய அரசும் மாநிலங்களும் நீண்ட காலப் பத்திரங்களை நிறைய ஏலத்துக்குக் கொண்டுவந்தது இன்னொரு காரணம். சந்தைக்கு ஆடு அதிகம் வந்தால் விலை என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, வட்டி இறங்கும் காலம் இது, நீண்ட காலப் பத்திரத்தில் பணத்தைப் போட்டால் விலை ஏறும், விற்று லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், பொறுமையாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். வட்டி எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்வது அந்தத் தொழிலிலேயே ஊறியவர்களுக்கும் கைவராத வித்தை. அதன்மேல் நம் குடும்பத்தின் அரிசிக் கணக்கை ஏற்றக்கூடாது.

இன்னொன்று. 2025 அக்டோபரில் சில்லறை விலைவாசி உயர்வு வெறும் 0.25 விழுக்காடு. அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு விலைவாசி ஏறிய ஆண்டுகள் நமக்குப் புதிதல்ல. ஏழு விழுக்காடு வட்டி வாங்கி, விலைவாசி ஐந்து ஏறினால், உண்மையில் மிஞ்சுவது இரண்டு. வட்டி முழுவதையும் செலவழித்துவிட்டால் பதினான்கு ஆண்டு கழித்து அசல் அப்படியே இருக்கும், அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்திருக்கும். ஆகவே வட்டியிலும் ஒரு பங்கை அசலோடு சேர்க்கப் பழகுங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். யாருக்குக் கொடுக்கிறோம்?

இந்தக் கேள்வியைக் கேட்காததால் தமிழ்நாடு பட்ட பாடு இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி நொடித்துப் போனது. அந்தக் காலத்தில் ஆர்பத்நாட் என்றால் மலை போல நம்பிக்கை. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய கட்டடம், பெரிய மனிதர்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதில் மூழ்கியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தக் காயத்திலிருந்துதான், வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முயற்சியால், 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. கட்டடத்தையும் பெயரையும் பார்த்துக் கடன் கொடுத்தவர்கள் இழந்தார்கள்.

நூறு ஆண்டு கழிந்து நாம் திருந்தினோமா? 2022ஆம் ஆண்டை நம் மாவட்டம் மறக்க முடியுமா? காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். நிறுவனம் மாதத்துக்கு ஆறு முதல் பத்து விழுக்காடு வரை தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மேலும் வழக்கு. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது காவல் துறையின் கணக்கு. வேலூரிலும் ஆரணியிலும் நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. மகளின் திருமணத்துக்கு வைத்ததைப் போட்டவர்கள் உண்டு.

நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். மாதம் எட்டு விழுக்காடு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம். ஆண்டுக்குத் தொண்ணூற்றாறாயிரம். வட்டியாகவே ஆண்டுக்கு 96 விழுக்காடு கொடுக்க வேண்டுமானால், அந்த நிறுவனம் செய்யும் தொழிலில் அதைவிட அதிக லாபம் வரவேண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால் அதைச் செய்பவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து ஏன் நிற்கிறார்? அதே நேரத்தில் இந்திய அரசே ஏழரை விழுக்காட்டுக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. அரசுக்கு ஏழரை, அவருக்குத் தொண்ணூற்றாறு என்றால், அந்த இடைவெளி முழுவதும் ஆபத்தின் விலை.

படித்தவர்களும் தப்பவில்லை. ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தர மதிப்பீட்டில் உச்சமான ‘ஏ.ஏ.ஏ.’ என்ற முத்திரையோடு இருந்தது. 2018இல் தவணை தவறியது. ஏறத்தாழ 90,000 கோடி ரூபாய்க் கடன் சிக்கிக்கொண்டது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மீட்கப்பட்டபோது, வைப்பு நிதி போட்டவர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. ஆனால் அதே வங்கியின் ‘ஏ.டி.1’ என்ற பத்திரங்களை வைத்திருந்தவர்களின் 8,400 கோடி ரூபாய்க்கு மேல் ஒரே உத்தரவில் தள்ளுபடி செய்யப்பட்டது. எஃப்.டி.யைவிடக் கொஞ்சம் அதிக வட்டி என்று நம்பி வாங்கிய ஓய்வூதியர்களும் அதில் இருந்தார்கள். ஒரே வங்கிக்குக் கொடுத்த கடன்தான், ஆனால் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதில் தலையெழுத்தே மாறியது.

ஆகவே யாருக்கு என்ற கேள்விக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இந்திய அரசு. அதன் பத்திரங்களும் அஞ்சலகச் சேமிப்புகளும் அதில் அடங்கும். அடுத்து மாநில அரசுகளின் பத்திரங்கள். இவற்றில் இதுவரை எந்த மாநிலமும் தவணை தவறியதில்லை. மத்திய அரசின் பத்திரத்தைவிட வட்டியும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதற்கடுத்து வங்கி வைப்பு. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அதன் பிறகே நிறுவனங்களின் பத்திரங்கள். இப்போது பத்தாயிரம் ரூபாய் முகமதிப்பிலும் அவை கிடைக்கின்றன. விசாரித்து, கவனத்தோடு வாங்கலாம், ஆனால் ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். வரிசையில் இல்லாத ஆள் வந்து கேட்டால், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

அடுத்த இரண்டு கேள்விகளும் சேர்ந்தே நடக்கும். எத்தனை காலம்? எந்த நாளில் வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். அறுபது வயது முடிந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. கையில் இருபது லட்சம். மூன்று ஆண்டில் மகளுக்குத் திருமணம். வீட்டுச் செலவுக்கு வட்டி வேண்டும். அவர் என்ன செய்யலாம்?

இரண்டு லட்சத்தை வங்கியில் உடனே எடுக்கும்படி வைக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவு தேதி சொல்லிவிட்டு வருவதில்லை. பத்து லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடட்டும். 2023 ஏப்ரல் முதல் 8.2 விழுக்காடு. ஐந்து ஆண்டுக்கு அந்த வட்டி மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். நான்கு லட்சத்தைத் திருமணத்துக்கு என்று ஒதுக்கி, திருமணத்துக்குச் சில மாதம் முன்பு முதிரும் அரசுப் பத்திரத்தில் வைக்கட்டும். இடையில் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கவலையில்லை. அந்த நாளில் முழு அசல் வரும். மிச்சம் நான்கு லட்சத்தை ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரத்தில் போடட்டும். ஏழு ஆண்டுப் பத்திரம் அது. தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியோடு 0.35 சேர்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் வட்டி நிர்ணயமாகும். 2025இல் 8.05 விழுக்காடு. நான்கு லட்சத்துக்கு ஜனவரி முதல் தேதியும் ஜூலை முதல் தேதியும் 16,100 ரூபாய்.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனித்தீர்களா? மூத்த குடிமக்கள் திட்டத்தில் வட்டி நிலையானது. நாளை வட்டி இறங்கினால் அது காப்பாற்றும். மாறும் வட்டிப் பத்திரத்தில் வட்டி கூடவே நகரும். நாளை வட்டி ஏறினால் அது காப்பாற்றும். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அந்த அம்மாவின் வீட்டில் அடுப்பு எரியும். வட்டி எங்கே போகும் என்று ஊகிக்க அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அறுபது ஆகாதவருக்கு என்ன வழி? படிக்கட்டு முறை இருக்கிறது. கடை நடத்தும் ஒருவரிடம் ஐந்து லட்சம் இருக்கிறது. ஐந்தையும் ஒரே நாளில் ஒரே பத்திரத்தில் போட வேண்டாம். ஓராண்டில் முதிர்வது ஒன்று, இரண்டாண்டில் முதிர்வது ஒன்று என்று ஐந்தாண்டு வரை ஒவ்வொரு லட்சமாகப் பிரிக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சம் கைக்கு வரும். தேவையிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். தேவையில்லாவிட்டால் மீண்டும் ஐந்தாண்டுக்குப் போடலாம். வட்டி ஏறிய ஆண்டில் ஏறிய வட்டி கிடைக்கும். இறங்கிய ஆண்டில் ஒரு பங்கு மட்டுமே இறங்கிய வட்டிக்குப் போகும், மற்ற நான்கும் பழைய வட்டியிலேயே நிற்கும்.

மாதாமாதம் வட்டி வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. அரசுப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருகின்றன. ஜனவரி–ஜூலையில் தருவது ஒன்று, பிப்ரவரி–ஆகஸ்டில் தருவது ஒன்று, இப்படி ஆறு பத்திரங்களைத் தேர்ந்தெடுத்து வைத்தால் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் வட்டி வரும். இதற்கு எந்தத் தரகரும் வேண்டாம், ஒரு நாட்காட்டி போதும்.

இவற்றை எங்கே வாங்குவது? 2021 நவம்பர் 12 முதல் ‘ரீடெய்ல் டைரக்ட்’ என்ற வசதியை ரிசர்வ் வங்கி திறந்து வைத்திருக்கிறது. ஆதார், பான், வங்கிக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கலாம். கணக்குக்குக் கட்டணம் இல்லை. பத்தாயிரம் ரூபாயிலிருந்து பத்திரம் வாங்கலாம். ஏலத்தில் விலை கேட்கத் தெரிய வேண்டியதில்லை. பெரிய வங்கிகள் போட்டியிட்டு முடிவாகும் விலையிலேயே நம்மைப் போன்ற சிறியவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. 2024 மே முதல் கைப்பேசிச் செயலியும் இருக்கிறது. உங்கள் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். ஆனால் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். வாரிசுதாரரின் பெயரை முதல் நாளே பதிவு செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிறிய அளவில் வைத்திருக்கும் பத்திரத்தை இடையில் விற்க வேண்டுமென்றால் நல்ல விலைக்கு ஆள் கிடைப்பது சில நேரம் கடினம். முதிர்வு வரை வைத்திருக்க முடியாத பணத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். வரியும் உண்டு. இந்த வட்டி உங்கள் மொத்த வருமானத்தோடு சேரும். 2025–26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை இத்தகைய வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்பது பல குடும்பங்களுக்கு ஆறுதல். ஆனால் கணக்குத் தாக்கல் செய்வதை மறக்கக்கூடாது.

அன்பர்களே, இதுவரை உங்கள் குடும்பத்தின் கணக்கைப் பேசினேன். இனி ஊரின் கணக்கைப் பேசி முடிக்கிறேன்.

தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அந்த ஓராண்டுக்குச் சுமார் 1.62 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கத் திட்டமிட்டது. 2026 மார்ச் முடிவில் மொத்தக் கடன் 9.3 லட்சம் கோடியை ஒட்டி இருக்கும் என்றும் சொன்னது. இந்தக் கடனை யார் கொடுக்கிறார்கள்? வங்கிகள், எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி. அவற்றில் இருப்பது யார் பணம்? உங்கள் பணம். நீங்கள் அறியாமலேயே இந்த அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள்.

அறியாமல் கொடுப்பவர் கேள்வி கேட்பதில்லை. அறிந்து கொடுப்பவர் கேட்பார். வாங்கிய கடன் எங்கே போனது? சாலையாக வந்ததா, குடிநீராக வந்ததா, வட்டிக்கே போனதா? 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு பச்சைக் குழந்தை, சாலை இல்லாததால் நேரத்தோடு மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது. அந்தத் தாய் குழந்தையின் உடலைச் சுமந்து நடந்ததை இந்த மாநிலமே பார்த்தது. கடன் வாங்குவது தவறில்லை. அந்தக் கடன் மலைக்குச் சாலையாக ஏறவேண்டும். அப்படி ஏறுகிறதா என்று கேட்கும் உரிமை வரி கட்டுபவருக்கு உண்டு, கடன் கொடுத்தவருக்கும் உண்டு.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. 2001இல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. 2002இல் இந்தியாவிலேயே முதன்முறையாக, தனியாகச் சந்தைக்குப் போக வலிமையில்லாத சிறு உள்ளாட்சிகள் பல ஒன்றுசேர்ந்து, குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் பத்திரம் வெளியிட்டன. ஒரு பேரூராட்சிக்குத் தனியே யார் கடன் கொடுப்பார்கள்? பலவும் கைகோத்து, மாநில அமைப்பு ஒன்று பின்னால் நின்றபோது, பதினைந்து ஆண்டுக் கடன் கிடைத்தது. 2025இல் பெருநகர சென்னை மாநகராட்சி 7.97 விழுக்காடு வட்டியில் 200 கோடி ரூபாய்க்குப் பத்தாண்டுப் பத்திரம் வெளியிட்டு, மழைநீர் வடிகாலுக்கு நிதி திரட்டியது.

நம் வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, பென்னாத்தூர், திருவலம் என்று நான்கு பேரூராட்சிகள். இந்த நான்கும் ஒன்றுசேர்ந்து ஒருநாள் குடிநீருக்காகப் பத்திரம் வெளியிட முடியாதா? அதை வாங்குபவர்களில் இந்த ஊர்க்காரர்களும் இருக்க முடியாதா? மாதம் எட்டு விழுக்காடு என்ற வார்த்தையை நம்பிக் காட்பாடிக்குப் போன பணம், ஏழரை எட்டு விழுக்காட்டுக்கு ஊர்க் குழாயில் தண்ணீராக வரக்கூடாதா? முடியும் என்று நான் நம்புகிறேன். அதற்கு முதல் தேவை, கணக்குக் கேட்கத் தெரிந்த கடன் கொடுப்போர்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். இன்றிரவு வீட்டில் ஒரு தாளை எடுங்கள். அடுத்த ஐந்து ஆண்டில் உங்களுக்குப் பெரிய தொகை தேவைப்படும் நாட்களை ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் பணம் எங்கெங்கே இருக்கிறது, எந்த நாளில் திரும்பும் என்று மறுபக்கம் எழுதுங்கள். இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். திரும்பும் நாள் எழுத முடியாத இடத்தில் பணம் இருந்தால், அதைக் கேட்டு வாங்குங்கள். கணவர் மனைவிக்குத் தெரியாமலும், பெற்றோர் பிள்ளைக்குத் தெரியாமலும் கடன் கொடுக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். யாருக்கு, எத்தனை காலத்துக்கு, எந்த நாளுக்கு என்று கேட்கும் குடும்பத்தை எந்த மோசடிக்காரனும் நெருங்க மாட்டான். அப்படிக் கேட்கும் ஊரை எந்த அரசும் எளிதில் கடந்துபோக முடியாது.

கேளுங்கள். எழுதி வையுங்கள். பொருத்திப் பாருங்கள்.